விமானக் கம்பெனில ஆட்குறைப்பு: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் என் பதிலும்

2024 அக்டோபர்ல போயிங் பத்து பெர்சென்ட் ஆளக் குறைக்கப் போகுதுன்னு நியூஸ் வந்ததுலேருந்து தெரிஞ்சவங்க பலபேர் இதப் பத்தி கேட்டுட்டே இருக்காங்க. விமானத்துக்கு பார்ட்ஸ் செய்யுற ஒரு கம்பெனில ஷாப் ஃப்ளோர்ல சில வருஷம் இருந்தவன் நான், அதனால எங்கிட்ட கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா பதில் போடுறதுக்கு பதிலா அடிக்கடி வர்ற கேள்வியெல்லாம் எடுத்து ஒரே எடத்துல எழுதிட்டேன்.

போயிங்லயும் ஏர்பஸ்லயும் மொத்தம் எத்தன பேர் வேலை பாக்குறாங்க?

2024 முடியுறப்போ போயிங்ல சுமார் 1,72,000 பேர், ஏர்பஸ்ல கிட்டத்தட்ட 1,57,000 பேர். ஆனா இத வச்சு ரெண்டையும் நேருக்கு நேரா ஒப்பிட முடியாது. ரெண்டு கம்பெனியுமே பயணிகள் விமானம் மட்டும் பண்றதில்ல, போர் விமானம், ஹெலிகாப்டர், சாட்டிலைட்னு எல்லாத்துலயும் இருக்குற ஆளுங்களும் இந்தக் கணக்குல வர்றாங்க.

இன்னொன்னும் இருக்கு. ஒரு ஃபேக்டரிய வித்தா அங்க இருந்த ஆளுங்க கணக்குலேருந்து காணாமப் போயிடுவாங்க, ஆனா அதே ஷெட்ல அதே விமானத்துக்குத்தான் வேலை பாத்துட்டிருப்பாங்க. 2005ல போயிங் கன்சாஸ் மாநிலத்துல இருக்குற விச்சிட்டா ஃபேக்டரிய வித்துச்சு, அது ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ்னு தனிக் கம்பெனி ஆச்சு, 737ஓட பாடி அங்கதான் செஞ்சு ரயில்ல ஏத்தி, சியாட்டில் பக்கத்துல ரென்டன்ல இருக்குற போயிங் ஃபேக்டரிக்கு வரும். 2025 டிசம்பர்ல போயிங் அதையே திரும்ப வாங்கிடுச்சு, ஆயிரக்கணக்கான பேர் மறுபடி போயிங் கணக்குல. அதனால ஒரு வருஷம் எண்ணிக்கை ஏறுனா ஆள் எடுத்தாங்கன்னோ இறங்குனா ஆளத் தூக்குனாங்கன்னோ பாத்தவுடனே முடிவு பண்ணாதீங்க.

பத்து வருஷத்துக்கு ஆர்டர் கைல இருக்குன்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் ஆளத் தூக்குறாங்க?

அதிகமா வர்ற கேள்வி இதான். எனக்கும் ரொம்ப நாள் புரியல.

2024 கடைசில ஏர்பஸ் கைல 8,600க்கு மேல ஆர்டர், போயிங் கைல 5,500க்கு மேல. இருக்குற வேகத்துல பண்ணா பத்து வருஷம் ஓடும். ஆனா ஆர்டர் வேற, பணம் வேற. ஏர்லைன்காரங்க ஆர்டர் போடும்போது கொஞ்சம் அட்வான்ஸ் குடுப்பாங்க, விமானம் கட்டி முடியுற வரைக்கும் தவணை தவணையா கொஞ்சம் வரும், பெரிய தொகை வர்றது விமானத்த கையில ஒப்படைக்கிற அன்னைக்குத்தான். டெலிவரி நின்னா பணம் நின்னுடும், ஆனா சம்பளம், அலுமினியம், இன்ஜின், வட்டி எதுவும் நிக்காது.

2018ல போயிங் 806 விமானம் டெலிவரி பண்ணுச்சு. லயன் ஏர், எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் ரெண்டு விபத்துல 346 பேர் செத்ததுக்கு அப்புறம் போயிங்கோட 737 மேக்ஸ பறக்க விடாம நிறுத்தி வச்சாங்க, 2019ல டெலிவரி 380 ஆச்சு, அடுத்த வருஷம் கோவிட் வந்து 157 ஆச்சு. 806லேருந்து 157, ரெண்டே வருஷத்துல. அப்பவும் ஆர்டர் புக்ல ஆயிரக்கணக்குல விமானம் இருந்துச்சு.

அதனால ஒருத்தரோட வேலைய தீர்மானிக்கிறது ஆர்டர் புக் இல்ல, மாசத்துக்கு எத்தன விமானம் வெளிய போகுதுங்கிற எண்ணிக்கைதான். ஃபேக்டரில இத ரேட்னு சொல்லுவாங்க. ரேட்ட குறைச்சா அந்த லைன்ல எத்தன ஷிஃப்ட், ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தன பேர்னு எல்லாமே குறையும். கோவிட்ல ஏர்பஸ் ஏ320 ரேட்ட மாசம் 60லேருந்து 40க்கு இறக்குச்சு, மூணுல ஒரு பங்கு வேலையே இல்ல.

இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிடுறேன். 2013லேருந்து 2019 வரைக்கும் போயிங் தன்னோட ஷேர தானே திரும்ப வாங்குறதுக்கு சுமார் 4,300 கோடி டாலர் செலவு பண்ணுச்சு. நல்ல காலத்துல அதுல பாதிய எடுத்து வச்சிருந்தாலும் கெட்ட காலத்துல எத்தன பேர வீட்டுக்கு அனுப்பாம வச்சிருந்திருக்கலாம்.

பத்து பெர்சென்ட்னா பத்துல ஒருத்தருக்கு நோட்டீஸ் கைக்கு வந்துடுமா?

அப்படி இல்ல. அறிவிக்கிற எண்ணிக்கை ஒன்னு, நோட்டீஸ் வாங்குற எண்ணிக்கை ஒன்னு, வருஷக் கடைசில கணக்குல குறைஞ்சிருக்குறது இன்னொன்னு, மூணும் ஒத்துப் போறது அபூர்வம்.

ரிட்டயர் ஆகுறவங்க, தானா வேற வேலைக்குப் போறவங்க எடத்துல புது ஆள் போடாம விடுவாங்க, அதுவும் குறைப்புலதான் சேரும். அப்புறம் விருப்ப விலகல், அதாவது நீயாவே போனா இவ்வளவு மாசச் சம்பளம் தரேன்னு ஒரு பேக்கேஜ். 2020 மே மாசம் போயிங் அனுப்புன முதல் பெரிய அலைல 6,770 பேருக்கு கட்டாய நோட்டீஸ், 5,520 பேர் பேக்கேஜ் வாங்கிட்டுப் போனவங்க. ஆக கிட்டத்தட்ட பாதி.

அந்த வருஷம் அக்டோபர்ல, 2021 முடியுறதுக்குள்ள ஆளுங்கள 1,30,000க்கு இறக்குவோம்னு சொன்னாங்க, ஆனா 2021 கடைசில 1,42,000 பேர் இருந்தாங்க. நிலைமை தேறுனதும் பாதி வழிலயே நிறுத்திட்டாங்க. 2024ல நடந்தது இன்னும் குழப்பும். கெல்லி ஆர்ட்பெர்க் சி.இ.ஓ.வா வந்து ரெண்டே மாசத்துல சுமார் 17,000 பேர்னு அறிவிச்சாரு, ஆனா வருஷக் கடைசி கணக்குல பெருசா இறக்கம் தெரியல, ஏன்னா நவம்பர்ல நோட்டீஸ் வாங்குனவங்க அறுபது நாள் கணக்குப்படி ஜனவரி நடுவு வரைக்கும் சம்பளப் பட்டியல்லயே இருந்தாங்க.

அது என்ன அறுபது நாள் கணக்கு?

அமெரிக்காவுல வார்ன் சட்டம்னு ஒன்னு இருக்கு, 1988ல போட்டது. நூறு பேரோ அதுக்கு மேலயோ வச்சிருக்குற கம்பெனி ஒரு எடத்த மூடுனாலோ பெரிய அளவுல ஆளத் தூக்குனாலோ 60 நாள் முன்னாடியே எழுத்துல சொல்லணும், மாநில அரசுக்கும் தெரிவிக்கணும். அதனாலதான் எந்த ஊர்ல எத்தன பேர்னு வெளிய தெரிய வருது. வேலைய காப்பாத்துற சட்டம் இல்ல அது, தயாராகுறதுக்கு ரெண்டு மாசம் டைம் குடுக்குற சட்டம்.

முதல்ல யார் போவாங்க?

கான்ட்ராக்ட் ஆளுங்க. எங்கயும் அவங்கதான் முதல்ல. அவங்கள அனுப்பறது ஆட்குறைப்பு கணக்குலயே வராது, ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சுன்னு ஒரு வரில போயிடும். நியூஸ்ல ஒரு எண்ணிக்கை வர்றதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே அவங்க கேட்ட விட்டு வெளிய போயிருப்பாங்க.

அடுத்தது எடத்தப் பொறுத்தது. போயிங்ல சியாட்டில் பக்கம் அசெம்பிளி ஆளுங்களுக்கு மெஷினிஸ்ட் யூனியன் உண்டு, அங்க சீனியாரிட்டிதான், கடைசியா சேந்தவர் முதல்ல போவாரு. இன்ஜினியர், டெக்னீஷியனுக்கெல்லாம் ஸ்பீயான்னு வேற யூனியன், அங்க திறமை மதிப்பீட்ட வச்சு வரிசை போடுவாங்க. தெற்கு கரோலைனால 787 ஃபேக்டரில யூனியன் கிடையாது.

சீனியாரிட்டி முறைல புதுப் பசங்க போவாங்க, அனுபவம் தங்கும். விருப்ப விலகல்ல நேர் எதிர், ரிட்டயர்மென்ட்டுக்கு பக்கத்துல இருக்குற பழைய கைங்கதான் பேக்கேஜ் வாங்கிட்டு கிளம்புவாங்க. யாரையும் கட்டாயப்படுத்தல, நல்லபடியா முடிச்சுட்டோம்னு கம்பெனி சொல்லும், அது உண்மையும்தான், ஆனா அந்த வழிலதான் ஒரே மாசத்துல முப்பது வருஷ அனுபவம் கொத்துக் கொத்தா வெளிய போகுது.

ஏர்பஸ்ல இந்த மாதிரி தூக்க மாட்டாங்களாமே?

தூக்க மாட்டாங்கன்னு இல்ல. தூக்குறது கஷ்டம், வேற வழியும் இருக்கு.

2007ல ஏ380 லேட்டாகி, டாலர் மதிப்பும் இறங்கி, பவர்8னு ஒரு திட்டம் போட்டு நாலு வருஷத்துல 10,000 வேலைய குறைக்கிறதா அறிவிச்சாங்க. 2020 ஜூன் 30ஆம் தேதி 15,000 வேலை போகும்னு சொன்னாங்க, அதுல ஜெர்மனில சுமார் 5,100, பிரான்ஸ்ல 5,000, பிரிட்டன்ல 1,700, ஸ்பெயின்ல 900. கேட்டவுடனே எல்லாருக்கும் பகீர்னு ஆச்சு.

ஆனா அதுக்கப்புறம் நடந்தத கவனிக்கணும். ஜெர்மனில குர்ட்ஸ்ஆர்பைட்னு ஒரு ஏற்பாடு உண்டு. வேலை இல்லன்னா ஆள அனுப்பாம வேலை நேரத்த மட்டும் குறைப்பாங்க, குறைஞ்ச நேரத்துக்கான நிகரச் சம்பளத்துல 60 பெர்சென்ட், குழந்தை இருந்தா 67 பெர்சென்ட், அரசாங்க வேலைவாய்ப்பு நிதிலேருந்து வரும். பிரான்ஸ்லயும் இதே மாதிரி ஒன்னு கொண்டுவந்தாங்க. யூனியனோட மாசக்கணக்கா உக்காந்து பேசி, விருப்ப விலகல், சீக்கிர ரிட்டயர்மென்ட் எல்லாம் போட்டு, பெரிய நாடுகள்ல கட்டாய நீக்கம் இல்லாம முடிச்சாங்க. ரேட் திரும்ப ஏறுனப்போ அதே கைங்க அதே ஸ்டேஷன்ல நின்னுச்சு. 2020ல 1,31,000, 2022 கடைசில 1,34,000, இப்போ ஒன்னரை லட்சத்துக்கு மேல.

இதுக்கு அரசாங்கப் பணம் வேணும், வரி கட்டுறவங்க பணம் வேணும், அத மறுக்கல. ஆனா ஒரு விமானத்த டிசைன் பண்ணி முப்பது வருஷம் விக்கிற தொழில்ல ரெண்டு வருஷச் சரிவுக்கு ஆள விட்டுட்டு திரும்ப தேடுறது அதவிட செலவுன்னுதான் நான் நெனக்கிறேன்.

சரித்திரத்துலயே மோசமான ஆட்குறைப்பு எது?

எண்ணிக்கைல பாத்தா ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்போதான். குண்டுவீச்சு விமான ஆர்டரெல்லாம் ரத்தாகி போயிங்ல மட்டும் சுமார் 70,000 பேருக்கு வேலை போச்சு.

ஒரே நாள்ல நடந்ததுன்னா கனடா. 1959 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. ஆவ்ரோ ஆரோங்கிற போர் விமானத் திட்டத்த பிரதமர் டீஃபன்பேக்கர் நாடாளுமன்றத்துல ரத்து பண்ணாரு, அன்னைக்கே 14,000க்கு மேல ஆளுங்கள அனுப்பிட்டாங்க. செஞ்சு வச்சிருந்த விமானங்களையும் வெட்டி பழைய இரும்பாக்கிட்டாங்க. அங்க இருந்த இன்ஜினியர்கள்ல முப்பது பேருக்கு மேல நாசாவுக்குப் போய் மனுஷன விண்வெளிக்கு அனுப்புற வேலைல சேந்தாங்க, ஜிம் சேம்பர்லின் ஜெமினி விண்கலத்துக்கு முக்கியமான ஆளா இருந்தாரு. கனடாவுக்கு அந்தக் கூட்டம் திரும்பக் கிடைக்கவே இல்ல.

ஊரையே படுக்க வச்சதுன்னா சியாட்டில். போயிங்குக்கு 747 டிசைன் பண்ணதுல கடன், நிலாவுக்கு ஆள் அனுப்புற அப்பல்லோ திட்டத்து வேலை குறைஞ்சுது, ஏர்லைன்கிட்ட காசில்ல, அமெரிக்க ஏர்லைன் ஒன்னுகிட்டேருந்து கூட 17 மாசம் ஒரு ஆர்டர் வரல. 1971 மார்ச்ல ஒலிய விட வேகமா போற சூப்பர்சானிக் விமானத் திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் பணத்த நிறுத்திடுச்சு. 1970 ஆரம்பத்துல அந்தப் பக்கம் போயிங்ல 80,400 பேர் இருந்த எடத்துல 1971 அக்டோபர்ல 37,200 பேர். வீட்ட விக்கலாம்னா வாங்க ஆளில்ல. அப்பதான் ரெண்டு ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுங்க ஏர்போர்ட் பக்கத்துல ஒரு போர்டு வச்சாங்க, சியாட்டில விட்டு கடைசியா போறவர் லைட்ட அணச்சிட்டுப் போங்கன்னு. ஜப்பான்லேருந்து சகோதர நகரமான கோபே மக்கள் சாப்பாட்டுப் பொருள் அனுப்புனாங்க, போர் முடிஞ்சு முப்பது வருஷம் கூட ஆகல.

பயணிகள் விமான ஆர்டர் குறைஞ்சா மட்டும்தான் இப்படி ஆகுமா?

ஆர்டர், ராணுவ ஒப்பந்தம், கூட்டு முறியுறது, திவால், எதுவும் ஆகலாம். பிரேசில் விமானக் கம்பெனி எம்ப்ராயர் 2009 பிப்ரவரில, உலகப் பொருளாதாரச் சரிவுல, சுமார் 4,200 பேர ஒரே அடியா அனுப்புச்சு, அஞ்சுல ஒருத்தர். 2020ல போயிங்கோட போட்ட டீல் முறிஞ்சு கோவிட்டும் சேந்தப்போ இன்னும் 900 பேர். நெதர்லாந்து ஃபாக்கர் 1996 மார்ச்ல திவாலாகி 5,000க்கு மேல ஆளுங்க தெருவுக்கு வந்தாங்க, விமானம் நல்ல விமானம், பணம்தான் இல்ல.

ஆளத் தூக்குனா விமானத்தோட தரம் கெடுமா? பயமா இருக்கு.

பயப்படுறதுக்கு முன்னாடி தொழில் எப்படி நடக்குதுன்னு பாருங்க.

1936லயே டி.பி. ரைட்டுங்கிற இன்ஜினியர் ஒரு கணக்கு எழுதிட்டாரு. கட்டுற விமானத்தோட எண்ணிக்கை ரெட்டிப்பாகுற ஒவ்வொரு தடவையும் ஒரு விமானத்துக்கு ஆகுற மனித உழைப்பு சுமார் 20 பெர்சென்ட் குறையும். முதல் விமானத்துக்கு ஒரு லட்சம் மணி நேரம்னா ரெண்டாவதுக்கு 80,000, நாலாவதுக்கு 64,000, எட்டாவதுக்கு 51,200. அந்த மிச்சம் எங்கேருந்து வருது? டூல், பார்ட்ஸ எடத்துல பிடிச்சு வைக்கிற ஜிக் எல்லாம் ஒழுங்காகுறது ஒரு பக்கம், முக்கியமா ஆளோட கைலேருந்துதான் வருது. ஆள மாத்துனா அந்த மணி நேரக் கணக்கு திரும்ப மேல ஏறிடும்.

நான் கண்ணால பாத்தது ரிவெட், அதாவது தகடுகள சேத்து இறுக்குற ஆணி. ஒருத்தர் இந்தப் பக்கம் ரிவெட் அடிக்கிற கன் பிடிப்பாரு, இன்னொருத்தர் அந்தப் பக்கம் பக்கிங் பார்னு ஒரு இரும்புக் கட்டிய ரிவெட்டோட வாலுல அழுத்திப் பிடிப்பாரு. அடிச்சு முடிச்சா வால் நசுங்கி, தண்டோட விட்டத்துல ஒன்னரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்கணும். கம்மியா அடிச்சா ஆடும், அதிகமா அடிச்சா வெடிப்பு விடும். கட்டி கொஞ்சம் சாஞ்சா தகட்டுல பள்ளம். எங்க ஷாப்ல ஒரு பெரியவர் இருந்தாரு, கட்டி பிடிக்கிறவர். சத்தம் மாறுறத வச்சே போதும்னு சொல்லி தட்டுவாரு, கேஜ் வச்சுப் பாத்தா சரியா இருக்கும். ஆர்டர் குறைஞ்ச வருஷம் அவரு பேக்கேஜ் வாங்கிட்டுப் போயிட்டாரு. அடுத்த மூணு மாசம் நாங்க அடிச்சதுல பாதி நேரம் தப்பான ரிவெட்ட துளைச்சு எடுக்குறதுலயே போச்சு, ஒவ்வொன்ன எடுக்கும்போதும் ஓட்டை பெருசாகிடுமோன்னு கை நடுங்கும்.

இப்போ 2024 ஜனவரி 5. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் 9, போர்ட்லேண்ட்லேருந்து கிளம்பி கிட்டத்தட்ட 15,000 அடி உயரத்துல கதவு எடத்த மூடியிருந்த பிளக் பிச்சிக்கிட்டுப் போச்சு. நாலு போல்ட்டும் இல்ல. விசாரணைல தெரிஞ்சது என்னன்னா, ரென்டன் ஃபேக்டரில பக்கத்துல இருந்த கெட்டுப்போன ரிவெட்ட சரிபண்ண அந்த பிளக்க திறந்திருக்காங்க, திறந்ததுக்கு பேப்பர் போடல, மூடுறப்போ போல்ட் போடல. கதவு டீம்ல 24 பேர், அதுல அந்த மாதிரி பிளக்க முன்னாடி திறந்து பழக்கம் இருந்தது ஒரே ஒருத்தருக்கு, அவரு அப்போ லீவுல இருந்தாரு. சரியான டிரெய்னிங்கும் மேற்பார்வையும் குடுக்காதது போயிங்கோட தப்புன்னுதான் விசாரணை அமைப்பு முடிவு பண்ணுச்சு. ஆட்குறைப்பாலதான் இது நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னா அது அநியாயம். ஆனா 24 பேர்ல ஒருத்தருக்குத்தான் தெரியும்ங்கிற நிலைமை ஒரு ஃபேக்டரிக்கு எப்படி வருதுன்னு யோசிச்சா, மேல சொன்ன ரைட்டோட கணக்கு ஞாபகம் வந்துட்டே இருக்கு.

பயணிக்குப் பயமான்னா, ஒவ்வொரு விமானமும் பல கட்ட சோதனை தாண்டித்தான் வருது. அந்த விபத்துக்கு அப்புறம் 2025 அக்டோபர் வரைக்கும் 737 மேக்ஸ் ரேட்ட மாசத்துக்கு 38ன்னு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பே கட்டிப் போட்டு வச்சிருந்துச்சு.

2024ல போயிங்ல ஸ்ட்ரைக் பண்ணதாலதான் 17,000 பேர் வேலை போச்சா?

இல்ல. செப்டம்பர் 13லேருந்து 53 நாள் 33,000 மெஷினிஸ்ட்டுங்க வேலைக்குப் போகல, பணம் வெளிய ஓடிச்சு, அது உண்மை. ஆனா அதுக்கு முன்னாடியே மேக்ஸ் பிரச்சினை, 777எக்ஸ்ங்கிற புது விமானம் வருஷக்கணக்குல லேட், ராணுவ ஒப்பந்தங்கள்ல நஷ்டம். அந்த வருஷ நஷ்டம் 1,180 கோடி டாலர், அத ஸ்ட்ரைக் மட்டும் கொண்டுவர முடியாது. ஸ்ட்ரைக் முடிஞ்சப்போ நாலு வருஷத்துல 38 பெர்சென்ட் உயர்வு கிடைச்சுது, கேட்ட பழைய பென்ஷன் கிடைக்கல.

ரோபோ வந்து இந்த வேலையெல்லாம் போயிடுமா?

777 பாடிய ரோபோ வச்சு துளை போட்டு ரிவெட் அடிக்க போயிங் சில வருஷம் முயற்சி பண்ணுச்சு, ரெண்டு பக்கமும் ரோபோ ஒத்துப் போகாம வேலை தேங்கிப் போய் 2019ல கைவிட்டுட்டாங்க, திரும்ப மனுஷங்களையும் சின்ன மெஷினையும் வச்சு பண்ணாங்க. இறக்கைல மெஷின் நல்லா ஓடுது. வளைவும் இடுக்கும் இருக்குற எடத்துல கைதான்.

பெரிய கம்பெனி ஆளக் குறைச்சா வெளிய எத்தன பேருக்கு அடி?

இதுக்கு ஒரே கணக்கு கிடையாது, ஆனா அடி அங்கதான் முதல்ல விழும். 2020 ஜனவரில மேக்ஸ் உற்பத்திய நிறுத்துன அதே மாசம் 737 பாடி செய்யுற ஸ்பிரிட் 2,800 பேர அனுப்புச்சு, போயிங் அப்போ அந்த லைன் ஆளுங்கள வேற வேலைக்கு மாத்தி வச்சிருந்துச்சு. பெரியவன் தாக்குப் பிடிப்பான், பார்ட்ஸ் பண்றவன் தாங்க மாட்டான். இன்ஜின்காரங்களுக்கு இன்னும் மோசம், விமானம் பறந்தாத்தான் சர்வீஸ் பணம் வரும். கோவிட்ல ரோல்ஸ் ராய்ஸ் 52,000 பேர்ல 9,000 பேர குறைக்கிறதா அறிவிச்சுது.

தெரிஞ்சவருக்கு நோட்டீஸ் வந்திருக்கு, திரும்பக் கூப்பிடுவாங்களா, என்ன பண்ணச் சொல்லலாம்?

கூப்பிடுறது உண்டு. போயிங் 2020 கடைசில 1,41,000, 2023 கடைசில 1,71,000, மூணு வருஷத்துல 30,000 பேர் கூடியிருக்காங்க. யூனியன் வேலைன்னா திரும்பக் கூப்பிடுற உரிமை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு இருக்கும், அந்தப் பட்டியல்ல பேர் இருக்கான்னு பாத்து, அட்ரஸும் போன் நம்பரும் மாறுனா எழுத்துல தெரிவிக்கணும். லெட்டர் பழைய வீட்டுக்குப் போயி வாய்ப்ப விட்டவங்க உண்டு. கடைசி வேலை நாள், மெடிக்கல் இன்சூரன்ஸ் முடியுற நாள், ரெண்டும் ஒன்னா வேறயான்னு கேக்கணும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பேக்கேஜ் பேப்பர யூனியன் ஆளோ வக்கீலோ ஒரு தடவை படிக்கட்டும். கம்பெனி டிராயிங் எதையும் வெளிய எடுத்துட்டு வரக்கூடாது, அது பெரிய வம்பு.

ஆனா தன்னோட டிரெய்னிங் ரெக்கார்டு, சர்டிஃபிகேட், எந்தெந்த வேலைக்கு தகுதின்னு கையெழுத்தான பேப்பர், இதோட காப்பிய கேட் பாஸ் இருக்கும்போதே கேட்டு வாங்கிடச் சொல்லுங்க. மேல சொன்ன பெரியவர் அத வாங்காம வந்துட்டாரு. அடுத்த எடத்துல போய் நின்னப்போ பேப்பர் இல்லன்னு சொல்லி மறுபடி டெஸ்ட் எழுத வச்சாங்க, அது முடியுற வரைக்கும் ரெண்டு மாசம் பக்கிங் பார தொட விடல, துளை போட்ட தூச கூட்டிட்டிருந்தாரு.